பட்டம்மாள் பாட்டியின் நிதானம்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் கம்பெனி பஸ்ஸில் கர்நாடக சங்கீதப் பாடகி டி.கே. பட்டம்மாளைக் கேட்டுப் பாருங்கள். 1919-ல் அவர் பிறந்த ஊரை நோக்கித்தான் வண்டி போகிறது. பெயரின் முதலெழுத்தில் இருக்கும் தாமல், காஞ்சிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. நாளெல்லாம் நொடிக்கணக்கில் நகரும் லைனில் நின்ற உடம்புக்கு அவருடைய விளம்ப காலம் சட்டென்று பிடிபடாது. அடுத்த அட்சரத்துக்கு மனசு முந்தும். அவர் முந்த மாட்டார். இரண்டு மூன்று ஆவர்த்தனம் போனால் நம் மூச்சு அவர் கணக்குக்கு இறங்கிவிடும்.

மெதுவாகப் பாடுவது பெரிதல்ல, தொய்யாமல் மெதுவாகப் பாடுவதுதான் வித்தை. இரண்டு தட்டுக்கு நடுவே அத்தனை இடம் கிடக்கிறது. பிருகாவைக் கொட்டி அதை அடைத்துவிடத் தோன்றும். பட்டம்மாள் ஒரே ஸ்வரத்தைக் கமகத்தோடு ஏந்தி நிற்பார். சாகித்தியம் நசுங்காது, சொல் பிரிய வேண்டிய இடத்தில்தான் பிரியும். தீட்சிதர் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும் டி.எல். வெங்கடராமய்யரிடமும் பாடம் செய்தவர் அல்லவா!

பல்லவியில் இந்த நிதானம் வேறொரு பலமாகிறது. ஒரே வரி. தாளம் அப்படியே ஓட, அதைக் கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் பாடி, ஒவ்வொரு தடவையும் எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். அது ஆண்களின் சொத்து என்று சங்கீத உலகம் நம்பிய காலம். பட்டம்மாளின் தாய் நன்றாகப் பாடுவாராம். உறவினர் முன்னால்கூடப் பாட அனுமதியில்லை. அந்த வீட்டுப் பெண் நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்து, வித்யாலா நரசிம்மலு நாயுடுவிடம் பல்லவி கற்று, ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். பெண்களுக்கு வாசிக்காமலிருந்த பாலக்காடு மணி அய்யர் அவருக்கு மிருதங்கம் வாசித்தார். 1970-ல் வந்த சங்கீத கலாநிதியைவிட இதைத்தான் நான் பெரிய விருதாக நினைக்கிறேன்.

மணி அய்யரின் மகள் லலிதா பட்டம்மாளின் மருமகளானார். லலிதாவின் மகள் நித்யஸ்ரீ மகாதேவன். பாட்டிதான் அவருக்குக் குருவும். பாட்டியின் குரல் கனத்தது, கீழே இறங்க இறங்க அழகு கூடுவது. பேத்தியின் குரல் மேல் ஸ்தாயியில் தயங்காமல் ஏறுவது. பாட்டியின் குரலை நகலெடுக்க அவர் முயலாதது எனக்குப் பெரிய நிம்மதி. ‘தியாகபூமி’யிலும் ‘நாம் இருவர்’ படத்திலும் தேசப் பாடல்கள் பாடிய பட்டம்மாள் சினிமாவில் காதல் பாட்டு பாட மறுத்தவர். நித்யஸ்ரீயோ 1998-ல் ‘ஜீன்ஸ்’ படத்துக்காக ரகுமான் இசையில் ஒரு பாட்டுப் பாடி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பாட்டிலும் சொல்லின் சுத்தத்தைக் கேளுங்கள், பாட்டியின் கண்டிப்பு தெரியும்.

2009 ஜூலை 16-ல், 90 வயதில், பட்டம்மாள் சென்னையில் மறைந்தார். அவரை நேரில் கேட்க வாய்க்காதவர்கள் பழைய பதிவுகளோடு நின்றுவிட வேண்டாம். நித்யஸ்ரீ ராகம் தானம் பல்லவி பாடும் நாளில் போய் உட்காருங்கள். ஸ்வரங்கள் சூடு பிடித்து, வயலினும் மிருதங்கமும் நெருக்கும் நேரத்தில் குரலை விட்டுவிட்டு, தாளம் போடும் அந்தக் கையைக் கவனியுங்கள்.