முதுகுத்தண்டிலிருந்து தெருவுக்கு

பெண்ணுடலையும் நகரத்தையும் பற்றிய அசைவு நிகழ்வுக்கு மூலப்பொருள் நடை. பெண்ணிடம் நகரம் கேட்பதெல்லாம் அவள் நடையில் பதிந்திருக்கிறது. தோள் உள்வாங்கும், பை மார்போடு ஒட்டும், பார்வை பத்தடி முன்னால் தரையில் கிடக்கும், வேகம் கூடும். கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து, தேசிய நெடுஞ்சாலை 544-ஐ நோக்கி வரும் பெண்களிடம் இதைப் பார்க்கலாம். டீக்கடை முன்னால் ஆண்கள் கால் மாற்றி மாற்றிச் சும்மா நிற்கிறார்கள். பெண் நிற்க வேண்டுமென்றால் பஸ் என்றொரு காரணம் வேண்டும். காரணமில்லாமல் பொழுதுபோக்கித் திரிவதும் பெண்ணின் உரிமைதான் என்று ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-இல் ஒரு நூலே எழுதினார்கள். நடன அமைப்பாளரின் வேலை அந்த வாதத்தைத் தசைக்குக் கொண்டுவருவது.

தமிழகத்தில் அதை மிக ஆழமாகச் செய்தவர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். நீண்ட இடைவெளிக்குப் பின் 1985-இல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒரே தரையில் வைத்தார். கதை, நகை, அபிநயம் எல்லாம் விலகின. எலும்பும் மூச்சும் எஞ்சின. 1991-இல் வந்த 'ஸ்ரீ' முழுக்க முதுகுத்தண்டைப் பற்றியது. வளைந்த முதுகோடு பெண்கள் மெல்ல நகர்கிறார்கள். இறுதியில் பல கைகளுடன் ஓர் உருவம் நிமிர்கிறது. அடிமைத்தனம் என்ற சொல்லைச் சொல்லாமலே அது முதுகெலும்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிய படைப்பு அது.

அவருடைய கடைசிப் படைப்பு 'சரீரா', 2001. ஒரு பெண், ஒரு ஆண், வெறுந்தரை. திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும் இதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். தரையில் கிடக்கும் பெண்ணின் கால்கள் மிக மெதுவாக எழுந்து, விரிந்து, முக்கோணமாகின்றன. வேகமாகச் செய்தால் இது எளிது, வீச்சே காலைத் தூக்கிவிடும். அந்த நிதானத்தில் வீச்சு உதவாது. இடுப்பும் அடிவயிறும் ஒவ்வோர் அங்குலத்தையும் தாங்கியாக வேண்டும். தெருவில் அவசரமாகக் கடந்துபோகக் கற்ற உடல், இங்கே ஓர் இடத்தை நிதானமாக நிரப்புகிறது. இசை, துருபத் என்ற இந்துஸ்தானி வடிவம். அதன் ஆலாபனையில் எண்ணிக்கொண்டு ஆடத் தாளம் இல்லை. பாடகரின் மூச்சும் ஆடுபவரின் மூச்சும் ஒன்றையொன்று கேட்டுத்தான் போக வேண்டும். அடவுக்கு ஜதி என்று பழகியவருக்கு இதுவே கடினமான பாடம்.

சந்திரலேகா 2006-இல் மறைந்தார். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையோரம் அவர் வாழ்ந்து பணிசெய்த 'ஸ்பேசஸ்' இன்றும் பேசப்படுகிறது. ஆனாலும் அரங்கம் காப்புள்ள இடம். பார்ப்பவர் அங்கே பார்ப்பதற்கென்றே வருகிறார்.

அந்தக் காப்பை விட்டு வெளியே வந்தது மாயா கிருஷ்ண ராவின் 'வாக்'. 2012 டிசம்பர் 16 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பிறந்தது. கதகளி பயின்ற அவர் நடந்துகொண்டே பேசுகிறார், கூடவே இசை ஓடுகிறது. இரவில் நடக்கலாமா என்ற கேள்வி பாதத்திலிருந்தே எழுகிறது. பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003-இல் தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கம் பெண்களைப் பூங்காவில் வந்து உறங்க அழைத்தது; அங்கே அசைவின்மையே நிகழ்வு. கேரள அரசு 2019 டிசம்பர் 29 இரவு 11 மணி முதல் 1 மணி வரை பெண்களின் இரவு நடையை நடத்தியது. நல்ல தொடக்கம். ஆனால் தேதி குறித்த நடைக்கும் அன்றாட நடைக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

இடுக்கியின் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்தது கலை நிகழ்வே அல்ல. இருந்தும் இந்த வரிசையில் அதற்கு இடமுண்டு. 20 சதவீத போனஸ் கேட்டுத் தோட்டத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். கொழுந்து பறித்தும் சுமை தூக்கியும் உருவான தோள்கள் நகரின் நடுவே அசையாமல் இருந்தன. அந்த அமர்வின் கனத்தை எந்த நடன அமைப்பாளரும் கற்றுத்தர முடியாது.

கஞ்சிக்கோட்டில் இப்படியோர் அசைவு நிகழ்வை உருவாக்க இசையைத் தேடி அலைய வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் காற்று, வாளையார் பக்கமிருந்து வரும் லாரிகளின் ஹாரன், ரயில், ஆலைச் சங்கு எல்லாம் இருக்கின்றன. ஆடுபவர்கள் ஷிஃப்ட் பெண்களாகவே இருந்தால் நடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகத்தைக் குறைக்க மட்டுமே பயிற்சி வேண்டும். நிறுத்தத்திலிருந்து ஆலை வாயில்வரை ஐந்து நிமிடத்தில் கடக்கும் தூரத்தை நாற்பது நிமிடமாக நீட்டுவது ஒரு நல்ல முதல் பயிற்சி. மைதானத்தில் பகலில் பழகியதை இரவுச் சாலையில், அவர்கள் வழக்கமாக நடக்கும் நேரத்தில், அந்த ஒளியிலேயே மீண்டும் செய்து பார்க்க வேண்டும். முதுகு எந்த இடத்தில் மறுபடி வளைகிறது என்பது அங்கேதான் தெரியும். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்பதைக் கடைசி பஸ் தீர்மானிக்கும்.