விசைப்பலகைக்கும் ஓர் இலக்கணம் உண்டு

ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது அதன் மொழிநடையை விரிவாகப் பேசுகிறோம். அந்த மொழி எந்த விசைகள் வழியா வந்துச்சுன்னு கேட்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறவர்களாவது கேட்கணும். ஏன்னா கணினித் தமிழின் தொடக்கத்தில் ஒரு பகுதி இந்த ஊரில்தான் நடந்தது. அதில் முன்னால் நின்றவர் ஒரு சிறுகதைக்காரர்.

நா. கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்துக்குப் போனபோது தமிழைத் திரையில் வரவைத்தவர். ‘கணியன்’ அவருடைய மென்பொருள். 1997இல் இங்கே தமிழ்நெட் மாநாடு நடந்தது. அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. அங்கிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார்.

இன்று நம் முன்னால் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. நான் இவற்றைத் தமிழ் எழுத்தைப் பற்றிய மூன்று கருத்துகளாகவே வாசிக்கிறேன். ‘கொ’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம்.

தட்டச்சுப்பொறி வழியிலும், ஈழத் தமிழர்களிடம் பரவிய பாமினியிலும் முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. தமிழ்99இல் க, பிறகு ஒ. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் ஆங்கில ‘கே’யைத் தட்டினால் க் வரும், ‘ஓ’வைத் தட்டினால் கொ ஆகும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஆங்கில எழுத்து வழியாகத் தட்டுவதை மட்டமாகப் பேசுவது நம்மிடம் வழக்கம். ஆனா மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் என்ற நம் இலக்கணத்தை அப்படியே பின்பற்றுவது அஞ்சல்தான். தமிழ்99இல் க என்றாலே உள்ளே அகரம் வந்துவிடுகிறது. க் வேண்டுமென்றால் தனியாகப் புள்ளி வைக்கணும். அது வரிவடிவத்துக்கு உண்மையாக இருக்கிறது. ஆகவே ‘தூய தமிழ் விசைப்பலகை’ என்ற பெருமைப் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை.

இருந்தும் நான் தமிழ்99 பக்கம்தான். அஞ்சலில் ள, ண, ற மூன்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். அதாவது ல, ன, ர வீட்டுக்காரர்கள், இவை ஒண்டுக்குடித்தனம். ஷிஃப்ட் தவறினால் ‘அவள்’ அவலாகிவிடுவாள். பிழைதிருத்தியும் உதவாது, இரண்டுமே சரியான சொற்கள். நாள் முழுக்க ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிற நமக்கு ள என்பது அழுத்தித் தட்டிய ‘எல்’ என்றே மனசில் பதிந்துவிடும். தமிழ்99இல் ள மேல்வரிசையில், ல கீழ்வரிசையில். விரலே வேறுபாட்டை ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, அது தமிழின் ஓசைப் பழக்கத்தை அறிந்திருக்கிறது. அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. முதல் ம தானாகப் புள்ளி பெறும். ந-த, ங-க, ம-ப போன்ற இன இணைகளும் அப்படித்தான். இதன் விலையும் உண்டு. ‘தத்துவம்’ எழுத முதல் த-வுக்குப் பின் ஓர் அகரம் தட்டி அந்தத் தானியங்கிப் புள்ளியைத் தடுக்கணும். புதிதாகப் பழகுபவர்கள் பலர் கைவிடுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

அப்படியென்றால் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமே? மாற்றலாம். மேக்கில் காராபைனர், விண்டோஸில் பவர்டாய்ஸ் போன்றவை முக்கியமாக விசைகளை இடம் மாற்றவே உதவுகின்றன. முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி வைக்கத் தமிழுக்கு விதிகள் வேண்டும். அதற்குக் கீமேன் போன்ற மென்பொருள் வேண்டும். அதில் விதிகளை நாமே எழுதலாம். எ-கலப்பையும் தொடக்கத்தில் கீமேனை வைத்து உருவானதுதான்.

ஆனால் எழுத்துகளை இடம் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கொரு முறை, ஆளுக்கொரு எழுத்துரு என்று தமிழ் சிதறிக் கிடந்ததால்தானே அந்த மாநாடுகளே தேவைப்பட்டன? நான் மாற்றியது ஒன்றே ஒன்று: கேப்ஸ் லாக். அதைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம்.

சின்ன மாற்றம்தான், ஆனால் தமிழ்99 மீதான என் முக்கியமான விமர்சனம் அதில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுவதையும் தமிழிலேயே அடிக்கிற ஒருவரை மனதில் வைத்துச் செய்தது போலிருக்கிறது அந்த விசைப்பலகை. தேக்காவில் நடக்கிற ஓர் உரையாடலை எழுதிப் பாருங்கள். எம்ஆர்டி, எச்டிபி, இடையில் ஒரு மலாய்ச் சொல், எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். ஒவ்வொரு முறையும் மொழி மாற்ற இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தணும் என்றால், எழுதுகிறவர் என்ன செய்வார்? அலுத்துப்போய், கதாபாத்திரத்தையே சுத்தத் தமிழில் பேசவைத்துவிடுவார். நம் சிங்கப்பூர்க் கதைகள் சிலவற்றில் உரையாடல் பாடப்புத்தகம் போல் ஒலிப்பதற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை, விசையும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் அஞ்சல், தமிழ்99 இரண்டுமே ஏற்கெனவே இருக்கின்றன. எதையும் வாங்க வேண்டாம். அடுத்த கதையின் ஒரு பக்கத்தை நீங்கள் இதுவரை பழகாத முறையில் அடித்துப் பாருங்கள். வேகம் குறையும். எந்தச் சொற்களை விரல் பழக்கத்தால் மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அந்த நிதானத்தில் தெரியவரும்.