ஆல்பீன் ஏ110 (2017) – ஓட்டுதிறன் மதிப்பீடு

ஆல்பீன் ஏ110 என்பது பிரான்சு நாட்டின் ரெனோ குழுமத்தைச் சேர்ந்த ஆல்பீன் நிறுவனம் உருவாக்கிய, இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கூபே வகை மகிழுந்து. 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. ஆல்பீனின் பிறப்பிடமான டியெப் நகரத் தொழிற்சாலையிலேயே இதுவும் தயாரானது. ஆற்றலைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதே நல்ல ஓட்டத்துக்கு வழி என்னும் கொள்கையை இக்காலத்தில் நடைமுறைப்படுத்திக் காட்டிய வண்டி என்பதால் இது கவனம் பெறுகிறது.

பின்னணி

ழான் ரெடெலே 1955-இல் ஆல்பீன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962-இல் வெளிவந்த முதல் ஏ110, எஃகு முதுகெலும்புச் சட்டகமும் கண்ணாடியிழை உடலும் கொண்டது. 1973-இல் முதன்முறையாக நடத்தப்பட்ட உலக ராலி வாகையர் போட்டியில் ஆல்பீன் பட்டம் வென்றது இந்த வண்டியைக் கொண்டே. 1995-இல் ஆல்பீன் பெயரில் மகிழுந்து தயாரிப்பு நின்றுபோனது. 22 ஆண்டுகள் கழித்து அதே பெயருடன் வந்த புதிய வண்டி, பழையதன் தோற்றத்தோடு எடைச் சிக்கனத்தையும் எடுத்துக்கொண்டது.

எடையும் அதன் பயனும்

புதிய ஏ110-இன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. சட்டகமும் உடலும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. ஓர் இருக்கையின் எடை 13.1 கிலோ மட்டுமே. பின்சக்கரப் பிரேக்கிலேயே நிறுத்தப் பிரேக்கையும் இணைத்து 2.5 கிலோ மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

இதன் பயன் ஒப்பிட்டால் விளங்கும். 1.8 லிட்டர் டர்போ இயந்திரம் தருவது 252 குதிரைத்திறன். இதன் போட்டியாளரான போர்ஷே 718 கேமனின் ஆற்றல் 300 குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 1,350 கிலோ. ஒரு டன்னுக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஏ110 மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 4.5 நொடியில் எட்டுகிறது.

நேர்ச்சாலையைவிட வளைவில்தான் எடைக்குறைவின் சிறப்பு வெளிப்படுகிறது. ஒரே வேகத்தில் ஒரே வளைவில் திரும்ப, கனமான வண்டிக்கு அதிகப் பக்கவாட்டு விசை தேவை. டயரின் மீது சுமை கூடும்போது பிடிமானமும் கூடும். ஆனால் சுமை கூடிய அதே விகிதத்தில் கூடாது. எனவே எடை குறைந்த வண்டிக்கு அகலம் குறைந்த டயரே போதும். ஏ110-இன் முன்டயர் அகலம் 205 மி.மீ., பின்டயர் 235 மி.மீ. இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால், எரிபொருள் தொட்டி முன்புறம் என அமைத்து, எடையை முன்னும் பின்னும் 44:56 என்னும் விகிதத்தில் பகிர்ந்திருக்கிறார்கள்.

மென்மையான சஸ்பென்ஷன்

ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. ஏ110 அதற்கு மாறானது. வளைவில் உடல் சற்றுச் சாய்வதை அது அனுமதிக்கிறது. நான்கு சக்கரங்களிலும் உள்ள இரட்டை விஷ்போன் அமைப்பு, உடல் சாய்ந்தாலும் டயர் சாலையில் நன்கு பதிந்திருக்கச் செய்கிறது. அதனால் மென்மையான சுருள்வில்களே போதுமானவை. மேடுபள்ளமான சாலையிலும் சக்கரம் தரையை விட்டு எழாமல் ஓடுகிறது. பிடிமானம் எப்போது குறைகிறது என்பதை உடலின் சாய்வே ஓட்டுநருக்கு முன்கூட்டி உணர்த்துகிறது. சாதாரண வேகத்திலேயே ஓட்டும் இன்பத்தைத் தருவது இவ்வண்டியின் தலையாய சிறப்பு.

குறைகள்

ஏழு கியர்கள் கொண்ட இரட்டைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டி மட்டுமே உண்டு. கையால் கியர் மாற்றும் வசதி இல்லை. ஓட்டுநரின் பங்கேற்பையே பெருமையாகக் கூறும் வண்டியில் இது உண்மையான இழப்பு. சுழல்வைக் கட்டுப்படுத்தும் இயந்திர வகை டிஃபரென்ஷியல் இல்லாததால், கொண்டை ஊசி வளைவிலிருந்து வேகமெடுக்கும்போது உட்புறச் சக்கரம் பிடியிழக்கக்கூடும்; அதைத் தடுக்கும் பணி பிரேக்கின் மேல் விழுகிறது. முன்னும் பின்னும் பொருள் வைக்கும் அறைகள் மிகச் சிறியவை. எடைச் சிக்கனத்தின் விலையைப் பயணிகள் இங்கே கொடுக்கிறார்கள்.

2019-இல் வந்த ஏ110 எஸ் வகையில் ஆற்றல் 292 குதிரைத்திறனாக உயர்ந்தது. சுருள்வில்கள் 50 விழுக்காடு இறுக்கமாயின. அதிவேகத்தில் நிலைத்தன்மை கூடியது உண்மை. ஆனால் மூல வண்டியைத் தனித்துக்காட்டிய மென்மை குறைந்தது. மற்ற ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் வழியில் இது ஓரடி பின்வாங்கல் என்றே கூற வேண்டும்.

மதிப்பீடு

குறைகள் எல்லாம் சேர்ந்தும் ஏ110-இன் அடிப்படைக் கருத்தைப் பொய்யாக்கவில்லை. எடை குறைந்தால் டயர், பிரேக், சுருள்வில், இயந்திரம் ஆகிய அனைத்தும் சிறிதாகலாம். அவை சிறிதானால் எடை மேலும் குறையும் என்பதை இது மெய்ப்பித்தது. அடுத்த தலைமுறை ஏ110 மின்சார வண்டியாக அமையும் என்று ஆல்பீன் அறிவித்துள்ளது. கனமான மின்கலத்தைச் சுமந்துகொண்டு இதே சங்கிலியைக் காப்பாற்ற முடியுமா என்பதே அவ்வண்டிக்கான உண்மையான தேர்வு. எத்தனை நொடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டுகிறது என்பது அதற்கு அளவுகோல் ஆகாது.