விலையும் நாதமும்

நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். காலை முதல் இரவு வரை வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும் ரேடியோப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. பத்திரிகைகளில் அதற்கு விளம்பரம் உண்டு, விமர்சனம் கிடையாது. லட்சக்கணக்கில் விலையுள்ள சங்கீதப் பெட்டிகளைப் பற்றி எழுத நிபுணர்கள் இருக்கிறார்கள். அவற்றை வாங்குகிறவர்களுக்கோ யாருடைய யோசனையும் தேவையில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் மற்றொன்று வாங்கிக்கொள்வார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயை எண்ணி வைத்து, சமையலறை அலமாரியிலோ கட்டிலுக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்ள ஒரு பெட்டி தேடுகிறவருக்குத்தான் விமர்சகன் வேண்டும். அவர் ஒரு தடவைதான் வாங்குவார். வாங்கியதைப் பத்து வருஷம் கேட்பார். ஆகையால் மேஜை ரேடியோவை ஒரு புஸ்தகத்தைப் போலவே பாவித்து, அதன் குணதோஷங்களை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

பழைய வால்வு ஸெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் ஏற்பட்டன. அதற்குப் பின் இருபது இருபத்தைந்து வருஷ காலம், வசதியுள்ள வீடுகளின் கூடத்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது வால்வு ஸெட்தான். மரப் பெட்டி, உள்ளே ஆறு அல்லது எட்டு அங்குல ஒலிபெருக்கி. குமிழைத் திருப்பிவிட்டு வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். "அந்தக் குரல் இப்போது எதில் இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்டால், பழம்பெருமை என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்கள் சொல்வதற்குக் கணக்கே இருக்கிறது.

மனிதனுடைய காது விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கக்கூடியது. இந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் 4 லட்சம். எந்த ஒலிக்கருவியானாலும், அது எட்டும் கீழெல்லையையும் மேலெல்லையையும் பெருக்கினால் ஏறக்குறைய இதே தொகை வந்தால்தான் காதுக்கு இதமாயிருக்கும் என்று ரேடியோ எஞ்சினீயர்கள் அக்காலத்தில் ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்கள். இயற்கை விதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. அநுபவத்தில் கண்ட உண்மை. மத்திய அலை ஒலிபரப்பில் 5,000 அதிர்வுக்கு மேல் அதிகம் கேட்பதில்லை. பெரிய ஒலிபெருக்கியும் பெரிய பெட்டியும் சேர்ந்து கீழே 80 வரையில் இறங்கின. 80-ஐ 5,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். மேலே குறைந்த அளவுக்குக் கீழேயும் குறைந்தது, தராசு சாயவில்லை.

1954-ல் அமெரிக்காவில் ரீஜென்ஸி டிரான்ஸிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. விலை 50 டாலருக்கு ஐந்து ஸென்ட் குறைவு. ஒலிபெருக்கியின் அகலம் மூன்று அங்குலம்கூட இல்லை. அந்த ஜாதிப் பெட்டிகள் செய்த உபகாரத்தை நான் மறுக்கவில்லை; மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கும் அவைதான் செய்தியையும் பாட்டையும் கொண்டுபோயின. ஆனால் கீழெல்லை 300-க்கு ஏறிவிட்டது. பிறகு எஃப்.எம். வந்தது, சென்னையில் 1977-ல் தொடங்கிற்று. மேலெல்லை 15,000-க்குப் போயிற்று. அடியை வெட்டிவிட்டு நுனியை மட்டும் வளர்த்தால் என்ன கிடைக்கும்? கீச்சுக் குரல்தான் கிடைக்கும். அந்தக் கீச்சுக் குரலுக்குக் கடைகளில் வைத்திருக்கும் பெயர் 'க்ளியர்'. என் ஆட்சேபம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான்.

ஓர் ஆண் பாடகர் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 130 அதிர்வு. தம்பூராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதி. சின்னஞ்சிறு பெட்டியில் இவை இரண்டுமே வெளிவருவதில்லை. ஆயினும் சுருதி நமக்குத் தெரிகிறது. மேலே ஒலிக்கும் உபஸ்வரங்களைக் கொண்டு, இல்லாத ஆதாரத்தைக் காது தானாகவே ஊகித்துக்கொள்கிறது. டெலிபோனில் பேசும் ஆண்குரலை இனங்கண்டுகொள்வதும் இப்படித்தான். இது காதின் பெருந்தன்மை. ஐந்து நிமிஷப் பேச்சுக்கு இந்தப் பெருந்தன்மை போதும். இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதும் காதே தம்பூரா மீட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அலுத்துப்போகிறது. பாதியில் பெட்டியை அணைத்துவிட்டு, "இன்று பாட்டு அவ்வளவு ருசிக்கவில்லை" என்கிறோம். பாவம், வித்வான் என்ன செய்வார்?

மலிவுப் பெட்டி இப்படித்தான் இருக்கும் என்பது சமாதானம் ஆகாது. ஹென்றி க்ளாஸ் என்ற அமெரிக்கரின் வேலையை இதற்குச் சாட்சியாகச் சொல்வேன். 1954-ல் எட்கர் வில்ச்சூருடன் சேர்ந்து மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கியவர் அவர். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார்கள். பீரோ அளவுப் பெட்டிகளில் மட்டும் கேட்டுவந்த கீழ்ஸ்தாயி, புஸ்தக அலமாரியில் வைக்கும் பெட்டிக்கு வந்தது. 2002-ல் காலமாவதற்கு இரண்டு வருஷம் முன்பு, டிவோலி கம்பெனிக்காக அவர் அமைத்துக் கொடுத்த 'மாடல் ஒன்' மேஜை ரேடியோவுக்கு அப்போது சுமார் 100 டாலர் விலை. மரப் பெட்டி, மூன்றங்குல ஒலிபெருக்கி ஒன்று, மூன்று குமிழ்கள். கடிகாரம் இல்லை, அலாரம் இல்லை. எதை விட்டாரோ அதில் மிஞ்சிய காசைக் காதுக்குக் கேட்கும் பாகங்களில் போட்டார். நம் கணக்கில் 100 டாலர் மலிவில்லைதான். காசு எங்கே போகவேண்டும் என்பதை அந்தப் பெட்டியிடம் கற்றுக்கொள்ளலாம். நல்ல சிறுகதைக்காரன் செய்கிற காரியமும் இதுவே.

நம் கடைகளில் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்: பத்து அலைவரிசை, வர்ண விளக்கு, டார்ச் லைட்டு, ஆயிரம் வாட். இந்த ஆயிரம் வாட் 'பி.எம்.பி.ஓ.' என்ற விசித்திரக் கணக்கில் வருவது. எந்தப் பெட்டியும் அதைத் தொடர்ந்து கொடுத்ததில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து கேட்க ஒரு வாட்டே தாராளம்.

ஆகையால் வாங்கப் போகும்போது பாட்டு வைக்கச் சொல்லாதீர்கள். தாளவாத்தியத்தின் ஆரவாரத்தில் காது ஏமாறும். செய்தி வாசிக்கும் ஆண்குரலை வைக்கச் சொல்லுங்கள். முதலில் சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். ஒலி குறையும்போது காதுக்குக் கீழ்ஸ்தாயிதான் முதலில் மங்கும் என்பதை ஃப்ளெச்சரும் மன்ஸனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அப்போதும் அந்தக் குரலுக்கு நெஞ்சு இருந்தால் பெட்டி நல்லது. லகர, ளகர, ழகரங்கள் தனித்தனியாக விழுகின்றனவா, சகரம் சீறாமல் வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். பெட்டி கடகடக்கக் கூடாது. மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் தட்டுங்கள். ஆனால் பானைக்கு நேர்மாறாக, இங்கே கணீரென்று ஒலிப்பது தோஷம். மரம்தான் வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். கனமான பிளாஸ்டிக் போதும். வீட்டில் சுவர் ஓரமாக வைத்தால் கீழ்ஸ்தாயி சற்றுக் கூடும். தகர பீரோவின் மேல் வைக்கவேண்டாம்.

பழைய வால்வு ஸெட்டையே தேடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது வருஷத்தில் உள்ளே உள்ள கண்டென்ஸர்கள் கெட்டிருக்கும். சில ஸெட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், அடித்தகடு மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்திருக்கும். தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் பிளக்கைச் சொருகுவது ஆபத்து.

ஒரு சின்னப் பெட்டிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். அதைக் கேட்கிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். கண் மங்கிப் படிக்க முடியாதவர்கள், எல்லோரும் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிமார்கள், தையல் மிஷினுக்கு முன்னால் பகலெல்லாம் குனிந்திருப்பவர்கள். அன்றைக்கு அவர்கள் கேட்கும் வேற்றுக்குரல் அது ஒன்றாகவே இருக்கலாம். பணம் குறைந்தவர்களுக்குக் காதும் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்த பெட்டியை அவர்கள் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. "க்ளியராக இருக்கிறதா?" என்பதை விட்டு, "மனுஷர் பேசுவது போல் இருக்கிறதா?" என்று வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால், செய்கிறவர்களும் மெல்ல மெல்லத் திருந்துவார்கள் என்றே நம்புகிறேன்.