தகடூர் நெல்லியும் பெண்ணின் நெஞ்சுநோயும்: புறநானூற்றுப் பாடல்கள் மூன்றின் மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சார்ந்த புறநானூற்றுப் பாடல்கள் 91, 206, 208 ஆகியன பெரும்பாலும் கொடைச் சிறப்புக்கும் புலவர்தம் பெருமிதத்துக்கும் சான்றுகளாகவே பயிலப்படுகின்றன. இவை கொடையைப் போற்றுவதோடு அமையாது, கொடுக்கும் முறையையும் வினவுகின்றன. அவ்வினாக்களை இதயநோயுடன் வாழும் பெண்களின் கோரிக்கைகளோடு இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, ஔவையார், பெருஞ்சித்திரனார், அதியமான், தருமபுரி, பெண்கள், இதயநோய்

முன்னுரை

தமிழ் அக இலக்கியத்தில் நெஞ்சும் நோயும் பெண்ணோடு பிரியாது வருபவை. ஆயினும் அங்கு நெஞ்சு என்பது உள்ளம். நோய் என்பது காமத் துயர். பெண்ணின் நெஞ்சுவலியை மனவருத்தமாகவே கொள்ளும் வழக்கம் மருத்துவத்திலும் நெடுநாள் நீடித்தது. 2019இல் உலகில் நிகழ்ந்த பெண் இறப்புகளுள் 35 விழுக்காடு இதய, குருதிநாள நோய்களால் நேர்ந்தவை என்று லான்செட் ஆணையம் 2021இல் எடுத்துக்காட்டியது. பெண்களின் இந்நோய் போதிய அளவு ஆராயப்படவும் கண்டறியப்படவும் இல்லை என்பதே அதன் முறையீடு. மருந்து இருந்தும் அது உரியவரைச் சேராமை ஏன் என்னும் வினாவுக்குத் தகடூர்ப் பாடல்கள் மூன்றும் துணைநிற்கின்றன.

சொல்லாமல் ஈந்த கனி

மலைப்பிளவில் அரிதாய்க் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் பயனைத் தன்னுள் அடக்கிக்கொண்டு அஞ்சி ஔவைக்கு ஈந்தான் என்பது 91ஆம் பாடலின் செய்தி. பயனை அறிந்திருப்பின் ஔவை அதனை மன்னனுக்கே மீட்டளித்திருப்பார். ஆதலின் மறைத்தல் அன்பின் செயல் என்பர். இவ்விளக்கம் பொருந்துவதே. எனினும், தன் உடலுக்குள் செல்லும் மருந்தின் தன்மையை உண்பவர் அறியவில்லை என்பதும் பாடலுக்குள்ளேயே உள்ளது. ஔவை அஞ்சிக்கு உவமையாக்குவது நஞ்சை மிடற்றில் அடக்கிய இறைவனை. அங்கு அடக்கப்பட்டது நஞ்சு. இங்கு அடக்கப்பட்டது அறிவு. அவ்வறிவைப் பின்னர் அவையறியச் செய்தவர் ஔவையே. எனவே இப்பாடல் நன்றியுரை மட்டுமன்று. மறைக்கப்பட்டதை வெளியிடும் உரையுமாகும்.

தன் உடல் பற்றிய அறிவு பெண்ணுக்குக் காலந்தாழ்ந்தே சேர்கிறது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு 2016 முதல் 2019 வரை தொகுக்கப்பட்ட பதிவேட்டில் இதயநோயுள்ள 1005 கருவுற்ற பெண்கள் இடம்பெற்றனர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர்க்கு நோய் இருப்பது கருவுற்றபோதுதான் தெரியவந்தது. அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது, சிறுவயதுத் தொண்டை அழற்சியைத் தொடரும் வாதக் காய்ச்சலால் இதய வால்வுகள் சிதையும் நோயாகும். மணத்திற்கும் மகப்பேற்றிற்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டியதை அவர்கள் பேறுகாலத்தில் அறிந்தனர்.

அடையா வாயிலில் காத்திருப்பு

206ஆம் பாடலில் பரிசில் நீட்டிக்கப்படுகிறது. ஔவை வாயில்காவலனை விளித்துப் பேசுகிறார். அவ்வாயில் பரிசிலர்க்கு அடைக்கப்படாதது என்றே சுட்டுகிறார். வாயில் திறந்திருக்கிறது, ஆயினும் காத்திருப்பு முடியவில்லை. மன்னன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்னும் பொருள்பட ஔவை எழுப்பும் வினா இம்முரணிலிருந்தே பிறக்கிறது.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருவோர்க்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்கப்படுகின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களைக் கொண்ட தருமபுரி மாவட்டத்திற்கு இது உண்மையில் நெல்லிக்கனி. ஆயினும் அறிகுறி அறியப்பட்டால்தான் மாத்திரை கைக்கு வரும். பெண்களுக்கு நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல், மிகுசோர்வு, குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி ஆகியன ஆண்களினும் மிகுதியாகத் தோன்றுவதுண்டு. அவை வாயுத்தொல்லை என்றோ வேலைக்களைப்பு என்றோ கருதப்படுமாயின், திறந்த வாயிலிலும் காத்திருப்பே எஞ்சும். ஆண்களைப் போன்ற நோய் தனக்கும் உண்டென மெய்ப்பித்த பின்னரே பெண் உரிய சிகிச்சை பெறுகிறாள் என்று அமெரிக்க இதயநோய் மருத்துவர் பெர்னடின் ஹீலி 1991இல் சுட்டியதும் இதனையே.

காணாது ஈதல்

208ஆம் பாடலில், தம்மைக் காணாது அஞ்சி அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் மறுக்கிறார். கண்டு, தகுதியறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்பது அவர் கொள்கை. கொடையின் அளவன்று, கொடுப்போர் பெறுவோரைக் காண்பதே இங்கு அளவுகோல். 1999இல் அமெரிக்காவில், நாற்பதுகளில் மாரடைப்புக்கு ஆளான 3 பெண்கள் ‘விமன்ஹார்ட்’ அமைப்பைத் தோற்றுவித்தனர். நோயுற்ற பெண்களே தம் நோயைப் பற்றிப் பேசவும் தகுந்த சிகிச்சையைக் கோரவும் அது களமாயிற்று. காணப்படுதல் என்னும் அக்கோரிக்கை 208ஆம் பாடலின் குரலுக்கு அயலானதன்று.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டிற்கு எல்லையும் உண்டு. புலவர்க்கு வேறு வள்ளல்கள் இருந்தனர்; யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு எத்திசையும் செல்லலாம் என ஔவை துணிந்து கூற முடிந்தது. மலையூரில் மூச்சுத்திணறும் பெண்ணுக்கு வேறு வாயில் இல்லை. பரிசில் வேண்டலுக்குரியது, சிகிச்சையோ உரிமை. ஆதலின் புலவரின் பெருமிதத்தை நோயாளியிடம் எதிர்பார்த்தல் தகாது. வினவும் பொறுப்பில் ஒரு பங்கை மருத்துவமனையே ஏற்றல் வேண்டும்.

முடிவுரை

சொல்லி ஈதல், காலத்தே ஈதல், கண்டு ஈதல் என மூன்று நெறிகள் இப்பாடல்களிலிருந்து பெறப்படுகின்றன. நெல்லிக்கனியைக் கொடையின் சின்னமாக மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, ஈந்தவனை நினைவில் நிறுத்தி உண்டவரை மறந்துவிடுகிறது. ஔவையை வாழ்த்துபவராக மட்டுமன்றி, வாயிலில் நின்று வினவுபவராகவும் கற்பிக்கும்போது, தகடூர் மண்ணின் பழம்பாடல்கள் அம்மண்ணில் இன்று வாழும் பெண்களுக்கும் உரியனவாகும்.