சாயம் போட்ட வேகம்

போடிநாயக்கனூரில் என் நண்பன் ஒருவன் ஏலக்காய் வியாபாரம் செய்கிறான். மதுரையில் என்னோடு பி.காம். படித்தவன். படிப்பு முடிந்ததும் நான் பேனாவைப் பிடித்தேன், அவன் தராசைப் பிடித்தான். இருவரில் யார் புத்திசாலி என்பது வருமானவரித் துறைக்குத் தெரியும்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கொண்டுவரும் மாதிரிக் காய் கொஞ்சம் அதிகப்படியாகவே பச்சையாக இருந்தால், கைக்குட்டையை ஈரமாக்கி அதில் இரண்டு காயை வைத்துத் தேய்ப்பான். கைக்குட்டை பச்சையானால் சிரித்துக்கொண்டே காயைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஏலக்காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றக்கூடாது என்று ஸ்பைசஸ் போர்டும் பல வருடங்களாக எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. "பச்சையா இருக்கறது தப்பில்ல மாப்ள. எதனால பச்சையா இருக்குன்னு கேக்கணும்" என்பான்.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் சமாசாரம். பயந்துகொண்டு பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தக் கைக்குட்டையை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

போடியில் ஏலக்காய் ஏலம் 2007-லேயே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. 2021 வாக்கில் அது மேகக் கணினிக்கும் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் இந்தப் பக்கம் போடியிலும் உட்கார்ந்தபடி ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம் என்று ஆனது. ஏலம் மேகத்துக்குப் போய்விட்டது. நண்பனின் லேப்டாப்தான் தரையிலேயே கிடந்தது. பேட்டரி செத்து இரண்டு வருஷம், கரண்ட் வயரில்தான் உயிர். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்ற அந்தக் கிழட்டு மெஷினுக்குத் தகுதி போதவில்லை. வங்கி, ஜிஎஸ்டி எல்லாம் இன்டர்நெட்டில்தான் நடக்கிறது. பூட்டு இல்லாத வீட்டில் பணப்பெட்டியை வைத்த மாதிரி.

நான் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் வைத்திருப்பேன். அதில் 'லைவ்' லினக்ஸ். செருகி கம்ப்யூட்டரைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் ஓடும். இந்த வித்தையை ஊரறியச் செய்தவர் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர். 2000-த்தில் 'க்னாப்பிக்ஸ்' என்ற பெயரில், சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி ஒரே ஒரு சிடியில் அடைத்துக் கொடுத்தார்.

லினக்ஸ் சரி. ஆனால் நண்பனின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதற்கும் வழி உண்டு, வர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் கணினி என்கிறார்கள். லினக்ஸுக்குள்ளே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸை ஓட்டுவது. அந்த விண்டோஸுக்கு இன்டர்நெட்டை வெட்டிவிட்டால் கணக்கு மட்டும் எழுதிக்கொண்டு சமர்த்தாக இருக்கும். வெளியுலக வேலைகளை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

போடிமெட்டுக்கு மேலே போயிருக்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஏலச்செடி வெட்டவெளி வெயிலில் தேறாது. மேலே பெரிய மரம் நிழல் கொடுக்கவேண்டும். வர்ச்சுவல் மெஷின் ஏலச்செடி. அதற்கு இடம் கொடுக்கும் லினக்ஸ்தான் நிழல் மரம். லைவ் லினக்ஸ் என்றால் அந்த மரமே ஒரு தொட்டியில் நிற்கிறது என்று அர்த்தம். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்கு மறந்துபோனேன்.

இந்தப் பொய்க் கம்ப்யூட்டரைச் செய்துதர முக்கியமாக மூன்று பேர் இருக்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய விஎம்வேர். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது, 2024 நவம்பரிலிருந்து அதன் 'வொர்க்ஸ்டேஷன்' எல்லாருக்கும் இலவசம். இரண்டாவது, ஜெர்மனியில் பிறந்து, 2008-ல் சன் நிறுவனத்துக்கும் 2010-ல் ஆரக்கிளுக்கும் கைமாறிய வர்ச்சுவல்பாக்ஸ். மூன்றாவது, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் வெளியிட்ட கியூஎமுவும், 2007 பிப்ரவரியில் லினக்ஸின் மையத்திலேயே சேர்ந்துகொண்ட கேவிஎம்மும் ஜோடியாக.

எது வேகம்?

இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் கட்டுரைகளுக்குக் கணக்கே கிடையாது. எல்லாம் ஒரே அச்சு. முதலில் கம்ப்யூட்டரின் ஜாதகம். அப்புறம் ஓர் அட்டவணை. விண்டோஸ் திறக்க இத்தனை விநாடி, ஃபைல் நகலெடுக்க இத்தனை விநாடி. கடைசியில் ஜெயித்தவர் கழுத்தில் மாலை. நானும் ஒன்றைப் படித்தேன். முதலிடம் வந்ததைப் போட்டேன். 'இன்னும் வேகம் வேண்டுமா, இதைத் தட்டுங்கள்' என்று சொல்லியிருந்த தேர்வையும் தட்டினேன். விண்டோஸ் பறந்தது. நண்பன் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

நான்காம் நாள் மலையில் இடி மழை. போடியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பும் போனது. கரண்ட் வந்ததும் விண்டோஸ் எழுந்துகொண்டது, கணக்கு ஃபைல் திறக்கவில்லை. நான்கு நாள் கொள்முதல், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள். மலையிலிருந்து காய் போட்டவர்கள் சனிக்கிழமை பணத்துக்கு வருவார்கள். அவர்கள் வீட்டு அரிசியும் பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸும் அந்த ஃபைலுக்குள்தான் இருந்தன. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, குத்தூசியில் குத்தியிருந்த துண்டுச் சீட்டுகளைப் பிரித்து நானும் அவனும் மறுபடி எழுதினோம். இரண்டு சீட்டு கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேர் சொன்ன தொகையை அவன் பேசாமல் கொடுத்துவிட்டான்.

மென்பொருளின் பெயரைச் சொல்லமாட்டேன். குற்றம் அதனுடையது இல்லை, தட்டியது என் விரல். ஆனால் அந்தத் தேர்வு என்ன செய்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

விண்டோஸ் முக்கியமான ஒன்றை எழுதியதும் டிஸ்க்கிடம் கேட்கும்: "நிஜமா எழுதிட்டியா?" உண்மையான டிஸ்க் எழுதி முடித்துவிட்டுத்தான் "ஆச்சு" என்று சொல்லவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பொய் டிஸ்க்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எழுதாமலே "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டிவிட்டு, விஷயத்தை ரேமிலேயே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் தன் சௌகரியப்படி, வழக்கமான அமைப்பில் 30 விநாடி போல் கழித்து, டிஸ்க்குக்கு அனுப்பும். நடுவில் கரண்ட் போனால் சில பக்கங்கள் புதுசு, சில பக்கங்கள் பழசு. கணக்கு ஃபைல் கந்தல்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கியூஎமுவில் இந்த முறைக்குப் பெயரே 'அன்சேஃப்', அதாவது பத்திரமற்றது. இதைவிட நேர்மையாக ஒரு பெயர் வைக்கமுடியாது. வர்ச்சுவல்பாக்ஸின் கையேடும், வேகத்துக்காக இந்த மாதிரிக் கேள்விகளை வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒப்பிட்டவர் சொல்லவில்லை. பி.காம். பாஷையில் சொன்னால், பணம் கைக்கு வராமலே ரசீது கிழித்துக் கொடுப்பது. அப்படிக் கொடுக்கிற கேஷியர் எல்லாரையும்விட வேகமாகத்தான் இருப்பார். அவருக்கு 'சிறந்த ஊழியர்' பட்டம் கொடுப்பீர்களா?

என் முதல் புகார் அது. இரண்டாவது, லைவ் லினக்ஸில் வைத்து ஒப்பிடுவது. அங்கே எல்லாமே சுருக்கப்பட்ட ஒரு ஃபைலுக்குள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பிரித்துத்தான் படிக்கவேண்டும். புதிதாக எழுதுவதெல்லாம், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ரேமில்தான் விழும். பொய் டிஸ்க்கின் எழுத்தும் அங்கேயே விழுந்தால் வேகம் பிரமாதமாகத் தெரியும். நாம் அளந்தது ரேமின் வேகத்தை. மெஷினை அணைத்தால் எழுதினதெல்லாம் காலி. முதலில் ஓட்டியது பென் டிரைவிலிருந்து படித்ததை, அடுத்து ஓட்டியது ரேமில் தயாராக இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். இரண்டாமவர் ஜெயிப்பார். வரிசையை மாற்றிப் பாருங்கள், வெற்றியும் மாறலாம்.

மூன்றாவது, சமமில்லாத பந்தயம். பிராசஸரில் வர்ச்சுவல் மெஷினுக்கென்றே ஒரு வசதி உண்டு. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் கொண்டுவந்தார்கள். பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும். அணைந்திருந்தால் கியூஎமு எல்லாவற்றையும் வரி வரியாக மொழிபெயர்த்து ஓட்டவேண்டும், நத்தை. வர்ச்சுவல்பாக்ஸோ 2019-ல் வந்த 6.1-லிருந்து அந்த வசதி இல்லாமல் ஓடவே ஓடாது. அதே மாதிரி, விஎம்வேருக்கு அதன் துணை மென்பொருளை நிறுவிவிட்டு, கேவிஎம்முக்கு அதன் விர்ட்ஐஓ டிரைவரைப் போடாமல் ஓடவிடுவார்கள். ஒருவருக்கு ஷூ, இன்னொருவருக்கு வெறுங்கால். முடிவை மட்டும் அச்சடித்துவிடுவார்கள்.

நான்காவது, கடிகாரம். பொய்க் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது பொய்க் கடிகாரம். சுமை கூடினால் அது பின்தங்கும், அப்புறம் ஓடிவந்து பிடிக்கும். விருந்தாளியின் கைக்கடிகாரத்தைப் பார்த்து விருந்தாளியின் வேகத்தை அளக்கலாமா? சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள்.

இதில் கம்பெனிகளையும் சும்மா விடமுடியாது. விஎம்வேரின் உரிம ஒப்பந்தத்தில் பல வருடங்கள் ஒரு ஷரத்து இருந்தது. வேகச் சோதனை முடிவுகளை வெளியிடலாம், ஆனால் சோதித்த முறையை அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். தப்பான சோதனைகள் உலவுகின்றன என்ற அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காய் விற்பவரே தரம் பார்ப்பவரையும் தேர்ந்தெடுத்தால் போடியில் ஒருவரும் ஏலத்துக்கு வரமாட்டார்கள்.

சரி, எப்படித்தான் ஒப்பிடுவது? அதற்கான பதில் 1974-லேயே வந்துவிட்டது. ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள், நல்ல வர்ச்சுவல் மெஷினுக்கு மூன்று லட்சணங்களைச் சொன்னார்கள். ஒன்று, வேகம் ரொம்பக் குறையக்கூடாது. இரண்டு, விருந்தாளி தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி வீட்டுக்காரரின் சொத்தில் கை வைக்கக்கூடாது. மூன்று, உள்ளே ஓடும் புரோகிராம் நிஜ மெஷினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளவேண்டும். எழுதாததை எழுதியதாகச் சொல்லும் டிஸ்க் மூன்றாவது பாடத்தில் ஃபெயில். நம் அட்டவணைகள் முதல் பாடத்தின் மார்க்கை மட்டும் பார்த்து ரேங்க் போடுகின்றன.

ஏலக்காய்க்கும் இப்படித்தான், நிறம் மட்டும் பார்த்தால் போதாது. அளவு வேண்டும், லிட்டர் எடையும் வேண்டும். அக்மார்க் தரத்தில் 'எக்ஸ்ட்ரா போல்ட்' என்றால் குறைந்தது 7 மில்லிமீட்டர், லிட்டருக்கு 435 கிராம். உள்ளே விதை இல்லாத பச்சைக் காய் எடையில் மாட்டிக்கொள்ளும்.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். லைவ் லினக்ஸில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் கேவிஎம். வேகத்துக்காக இல்லை. அது லினக்ஸோடு கூடவே வருகிறது. மற்ற இரண்டுக்கும், ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குப் பொருந்துகிற மாதிரி சில பகுதிகளைத் தயாரித்துச் சேர்க்கவேண்டும். லைவில் சேமிக்க ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த வேலை ஒவ்வொரு தடவையும் உண்டு. லினக்ஸை டிஸ்க்கிலேயே நிறுவிவிட்டால், மூன்றில் எது கைக்கு வசமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை கட்டாயம் வேண்டுமா? ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து ஐந்து தடவை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். டிஸ்க் அமைப்பு என்ன என்பதைத் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். கடைசியாக ஒன்று. முக்கியமில்லாத ஒரு ஃபைலை எழுதவிட்டு, கரண்ட் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி எழுந்ததும் அந்த ஃபைல் திறக்கிறதா என்று பாருங்கள். நம் கைக்குட்டை அதுதான்.

நண்பனுக்கு லினக்ஸைப் புது டிஸ்க்கில் நிறுவி, அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வைத்தேன், என் செலவில். அவன் ஒரு சீட்டைப் பதிந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் மாப்ள, முன்னைக்கு இப்ப மெதுவா இருக்கே?"

"ஆமாடா. இப்பத்தான் நிஜமா எழுதுது."