நுண்ணூசியும் முழுக் கணுவும்

காசநோய் இன்னும் பரவலாக உள்ள இந்தியாவில் கழுத்திலோ அக்குளிலோ நிணநீர்க் கணு வீங்கி நெறி கட்டினால் முதலில் அந்நோயே ஐயுறப்படுகிறது. நுண்ணூசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை உறிஞ்சிக் கண்ணாடி வில்லையில் பூசி, நுண்ணோக்கியில் காணும் ஊசிப் பரிசோதனையே முதற்படியாகவும் அமைகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி ஊர்களிலிருந்து ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வருவோருக்கு, அறுவையின்றிக் குறைந்த செலவில் விரைந்து விடை தரும் இம்முறை பெரும் பயன் தருகிறது. ஆயினும், அதன் விடையே இறுதி விடையாகிவிடும்போது நேரும் இழப்பை, விரைந்து பெருகும் பர்க்கிட் நிணநீர்ப் புற்றுநோய் தெளிவாகக் காட்டுகிறது.

உகாண்டாவில் சிறுவர்களின் தாடைக் கட்டிகளாக டெனிஸ் பர்க்கிட் 1958-இல் விவரித்த இந்நோய், ஆப்பிரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் வயிற்றில் தோன்றுவது. ஓரிரு நாட்களிலேயே இரட்டிக்கக்கூடியது. நடுத்தர அளவும், வட்டமான உட்கருவும், கருநீலமாகச் சாயமேறும் உயிரணுப் பாகுவும், அதில் கொழுப்பு நிறைந்த சிறு குமிழ்களும் இதன் உயிரணுவுக்கு அடையாளங்கள். திசுவைப் பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்துபோவதால், இக்குமிழ்கள் திசு வெட்டைவிட, உலர்த்திச் சாயமேற்றிய ஊசிப் பூச்சிலேயே தெளிவாகத் தெரிகின்றன. இது ஊசி முறையின் மறுக்க முடியாத சிறப்பு.

குறை வேறிடத்தில் உள்ளது. உதிரியாக வரும் உயிரணுக்கள் கணுவின் கட்டமைப்பைக் காட்டுவதில்லை. மடிந்த உயிரணுக்களை விழுங்கிய பெருவிழுங்கிகள் கரிய பரப்பில் விண்மீன்களாகத் தோன்றும் ‘விண்மீன் வான்’ அமைப்பு திசுவில்தான் முழுமையாகப் புலப்படும். அதுவும் இந்நோய்க்கு மட்டும் உரியதன்று. முதிராத நிணவணுப் புற்றும், பரவிய பெரிய பி-உயிரணுப் புற்றின் சில வகைகளும் பூச்சில் பர்க்கிட்டைப் போலவே தோன்றக்கூடும். இவற்றைப் பிரித்தறிய, உயிரணுப் புரதங்களை நிறமேற்றிக் காட்டும் நோயெதிர்ப்புச் சாயச் சோதனை வேண்டும்: பர்க்கிட்டில் சிடி20, சிடி10 ஆகியவை காணப்படும், டிடிடி காணப்படாது, பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 ஏறத்தாழ நூறு விழுக்காட்டை எட்டும். எம்ஒய்சி மரபணுவின் இடமாற்றம் இம்முடிவை உறுதிப்படுத்தும். ஒவ்வொரு வகைக்கும் மருந்துத் திட்டம் வேறாதலால், இப்பகுப்பு வெறும் பெயர்ச்சிக்கல் அன்று.

ஊசிமுனை அழுகிய பகுதியிலோ நோயற்ற கணுவிலோ பட்டால், ‘அழற்சி’ என்ற அறிக்கை வரக்கூடும். அதை நம்பிக் காசநோய் மருந்தைத் தொடங்கிக் காத்திருக்கும் வாரங்களில் கட்டி பன்மடங்காகிவிடும். முன்கூட்டியே தரப்படும் ஸ்டீராய்டு புற்றணுக்களை அழித்துப் பின்னைய சோதனையையும் மறைக்கக்கூடும்.

ஆதலால் ஊசியைக் கைவிடுவது தீர்வன்று. உறிஞ்சிய எச்சத்தை மெழுகில் பதித்துச் சாயச் சோதனைக்குக் காப்பதும், காசநோய்க் கிருமி உறுதிப்படாமல் வேகமாக வளரும் கணுவை முழுமையாக எடுத்து ஃபார்மலினில் இட்டு அனுப்புவதும் வழக்கமாக வேண்டும். விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், நோயியல் துறை இவ்வட்டாரத்துக்கு அருகில் வந்துள்ளது. உரிய தீவிர மருத்துவம் காலத்தில் தொடங்கினால் பெரும்பாலான சிறுவர்கள் குணமடையக்கூடிய புற்றுநோய் இது. அந்தக் காலத்தைக் காப்பதே நோயறிதலின் முதற்கடமை.